வேண் காசிபன் கொடுப்பித்த படுக்கை

பங்குனி உத்திரத்தன்று திருநெல்வேலிச் சீமையில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். அவரவர் சாஸ்தாவைத் தேடி அவரவர் போயிருப்பார்கள். எங்கள் குடும்பத்துக்கு மருகால்தலை பூலுடையார் சாஸ்தா. பாளையங்கோட்டையிலிருந்து சீவலப்பேரிக்குப் போகிற பக்கம். சிற்றாறு தாமிரபரணியில் வந்து சேர்கிற இடத்துக்குக் கிட்ட. வேன் பிடித்து, பானையும் விறகும் தேங்காயும் ஏற்றி, பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் எல்லாம் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்து போவோம்.

பெரியவர்கள் பொங்கல் அடுப்பு மூட்டுகிற நேரத்தில் எங்களுக்கு ஓடுவதற்கு ஒரே இடம்தான். பெரும்பாறை ஒன்றின் அடியில் இயற்கையாக அமைந்த குகை. வெளியே கால் வைக்க முடியாமல் சுடும். உள்ளே போனால் குளிர்ச்சி. பாறைத் தரையில் ஆள் படுக்கிற அளவுக்குச் செதுக்கி வழுவழுப்பாக்கிய படுக்கைகள். யார் முதலில் படுப்பது என்று சண்டை நடக்கும்.

"ஏல, பாண்டவங்க படுத்த எடம்லா அது. செருப்பக் கழத்திட்டுப் போங்கல" என்று ஆச்சி சத்தம் போடுவாள். பஞ்சபாண்டவர் படுக்கை என்பதுதான் ஊரில் அதற்குப் பேர். பீமன் எந்தப் படுக்கையில் படுத்திருப்பான், அவன் உடம்புக்கு இது காணுமா என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி.

பத்து வயதில் ஒரு வேலை செய்தேன். பொங்கல் அடுப்பிலிருந்து அணைந்த கரித்துண்டு ஒன்றை எடுத்துப் போய் அந்தப் பாறையில் என் பேரை எழுதினேன். எனக்கு முன்னால் நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். சில பேர்களுக்கு நடுவே அம்பு பாய்ந்த இதயம்கூட இருந்தது. யாரும் திட்டவில்லை. நானும் மறந்துவிட்டேன்.

கல்லூரி இரண்டாம் வருஷம், நூலகத்தில் கல்வெட்டுகளைப் பற்றிய புத்தகம் ஒன்றைச் சும்மா புரட்டிக்கொண்டிருந்தபோது 'மருகால்தலை' என்ற பெயர் கண்ணில் பட்டது. எங்கள் சாஸ்தா கோயில் மருகால்தலையேதான். நான் விளையாடிய அதே குகையின் பாறையில் தமிழ் பிராமி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது, கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்தது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே படியெடுக்கப்பட்டது என்று போட்டிருந்தது. வேண் காசிபன் என்ற ஒருவன் கொடுப்பித்த 'கல் கஞ்சணம்'. வெண் காசிபன் என்றும் படிக்கிறார்கள். கல் கஞ்சணம் என்றால் கற்படுக்கை என்று பொருள் கொள்கிறார்கள்.

எனக்கு முதலில் நினைவு வந்தது அந்தக் கரித்துண்டுதான்.

*

அந்த ஒற்றை வரியில் என்ன இல்லை என்று பாருங்கள். அரசன் பேர் இல்லை. ஆட்சியாண்டு இல்லை. அங்கே படுத்துறங்கிய துறவியின் பேர் இல்லை. சமணம் என்ற சொல்கூட இல்லை. இப்படிப்பட்ட குகைகள் பலவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் ஆய்வாளர்களில் பெரும்பாலோர் இவற்றைச் சமணத் துறவிகளின் உறைவிடங்கள் என்கிறார்கள். இருப்பது ஒரு கொடையாளியின் பேரும் அவன் செய்வித்த பொருளும்தான். 'கொடுத்த' என்றுகூட இல்லை, 'கொடுப்பித்த'. கல்தச்சனைக் கூட்டிவந்து, கூலி கொடுத்து, வேலை முடியும்வரை கூட நின்றிருக்கிறான்.

சமண வரலாற்றை நாம் பொதுவாகத் துறவிகளின் வரலாறாகவே படிக்கிறோம். மகாவீரர், பத்திரபாகு, சந்திரகுப்த மௌரியர் சிரவணபெளகொளாவுக்கு வந்த கதை, அப்புறம் நேராக மதுரையும் கழுமரமும். இடையில் சோறு போட்டவர்கள் யார் என்று யாரும் கேட்பதில்லை.

ஆனால் சமணம் தன்னை விளக்கிக்கொள்ளும்போது துறவிகளை மட்டும் வைத்து விளக்கிக்கொள்ளவில்லை. சங்கம் என்றால் நான்கு கால்கள்: ஆண் துறவி, பெண் துறவி, இல்லறத்தான், இல்லறத்தாள். பின்னிரண்டு பேரையும் சிராவகர், சிராவிகை என்பார்கள்; 'கேட்பவர்' என்று பொருள். தமிழில் அது 'சாவகர்' ஆயிற்று. மதுரைக்காஞ்சியிலேயே மதுரை நகரத்துச் சாவகர் வருகிறார்கள். கல்பசூத்திரம் மகாவீரரின் சங்கத்துக்கு ஒரு கணக்குச் சொல்கிறது: துறவிகள் 14,000, பெண் துறவிகள் 36,000, இல்லறத்தார் 1,59,000, இல்லறப் பெண்கள் 3,18,000. இதை மக்கள்தொகைக் கணக்கெடுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்த விகிதத்தைக் கவனியுங்கள். ஒரு துறவிக்குப் பின்னால் பல குடும்பங்கள் நிற்க வேண்டும், அதிலும் பெண்கள் அதிகம் நிற்க வேண்டும் என்பது அந்த நூலை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஏனென்றால் சமணத் துறவியால் தனியாக ஒரு வாரம்கூட வாழ முடியாது. அவர் தீ மூட்டக் கூடாது, மண்ணைத் தோண்டக் கூடாது, பச்சைத் தழையைப் பறிக்கக் கூடாது, சமைக்கக் கூடாது, காசைத் தொடக் கூடாது. மழைக்காலத்தில் புழுபூச்சிகள் காலில் மிதிபடும் என்பதால் நான்கு மாதம் ஓரிடத்தில் தங்கியாக வேண்டும். ஆக, அவருக்கு ஒழுகாத ஒரு கூரை வேண்டும். நடக்கிற தூரத்தில் ஓர் ஊர் வேண்டும். அந்த ஊரில், கேட்காமலே சோறிடத் தெரிந்த சில வீடுகள் வேண்டும். தமிழ்நாட்டின் பல பிராமிக் குகைகளின் நெற்றியில் மழைநீர் உள்ளே வழியாமல் இருக்க ஒரு விளிம்பு வெட்டியிருப்பார்கள். அந்த விளிம்பும் படுக்கையும் இல்லறத்தான் கொடுத்த கூரையும் பாயும்.

கொடுத்தவர்கள் எப்படிப்பட்டவர்கள்? மதுரைக்குப் பக்கத்து மாங்குளத்தில் நெடுஞ்செழியனின் அதிகாரி ஒருவரும் வெள்ளறை என்ற ஊரின் வணிகச் சங்கமான நிகமமும் வருகிறார்கள். அழகர்மலையில் உப்பு வணிகன், வெல்லப்பாகு விற்ற பணித வணிகன், துணி விற்ற அறுவை வணிகன், கலப்பைக் கொழு விற்ற கொழு வணிகன். கடைசி ஆளிடம் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். மண்ணைத் தோண்டவே கூடாத ஒரு துறவிக்கு, மண்ணைக் கிழிக்கும் கொழுவை விற்ற காசில் ஒருவன் படுக்கை வெட்டிக் கொடுக்கிறான்!

இது முரண் இல்லையா என்று கேட்டால், இந்த முரணை வைத்துத்தான் சமணம் இல்லறத்தாருக்கான அறத்தையே கட்டியது. துறவிக்கு மகாவிரதம், வீட்டில் இருப்பவனுக்கு அணுவிரதம், அதாவது சிறு நோன்பு. கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, காமத்தில் அளவு, பொருளில் அளவு என்ற அதே ஐந்துதான், அளவுதான் வேறு. வேண்டுமென்றே கொல்வது வேறு, தொழில் செய்கையில் நேரும் உயிர்க்கேடு வேறு என்று பிற்கால நூல்கள் இதை இன்னும் நுணுக்கமாகப் பிரித்தன.

பிராகிருதத்தில் 'உவாசகதசாவோ' என்று ஓர் ஆகம நூல் இருக்கிறது. மகாவீரரின் இல்லற அடியார்கள் பத்துப் பேரின் கதை. முதல் ஆள் ஆனந்தன் பெரும் பணக்காரன். அவன் எல்லாவற்றையும் துறக்கவில்லை. இத்தனை மாடு, இத்தனை ஏர், இதற்கு மேல் வேண்டாம் என்று எல்லை போட்டுக்கொள்கிறான். ஏர் மட்டும் 500! 'எல்லை' போட்ட பிறகும் 500 என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்தவன் ஏழாவது ஆள், சத்தாலபுத்தன். குயவன். ஆசீவக நெறியைச் சேர்ந்தவன். எல்லாம் ஊழ்தான், முயற்சி என்று ஒன்றும் கிடையாது என்று நம்புகிறவன். வெயிலில் காய வைத்திருக்கும் பானைகளைக் காட்டி மகாவீரர் கேட்கிறார்: இவை முயற்சியால் ஆனவையா, இல்லை தானாக ஆனவையா? தானாகத்தான், எல்லாம் நியதி என்கிறான். சரி, இந்தப் பானைகளை ஒருவன் திருடினால், உடைத்தால் என்ன செய்வாய்? அடிப்பேன், உதைப்பேன் என்கிறான் குயவன். எல்லாம் நியதி என்றால் அவனை ஏன் அடிக்கிறாய்? குயவன் யோசிக்கிறான். மனம் மாறுகிறான்.

தத்துவ விவாதம் பானை காயும் முற்றத்தில் நடக்கிறது, பானையை வைத்தே நடக்கிறது. தொழில் செய்கிறவனுக்குப் புரிகிற மொழியில் அவனிடம் பேச இந்தச் சமயத்துக்குத் தெரிந்திருந்தது. வடக்கே மதுராவில் கிடைத்த கல்வெட்டுகளும் இதையே சொல்கின்றன. அங்கே கொடையாளிகளில் ஒரு கொல்லன் இருக்கிறான், அவன் கொடுத்தது சரஸ்வதி சிலை. கணிகையர் குடும்பத்துப் பெண் ஒருத்தியும் இருக்கிறாள். ஊர் அவர்களை எங்கே வைத்திருந்தாலும் சங்கத்தின் கல்லில் அவர்களுக்கு இடம் இருந்தது.

*

காசிபனுக்கு அப்புறம் எங்கள் பக்கத்தில் இந்தச் சாவகர்கள் என்ன ஆனார்கள்? அதைப் பார்க்க ஆற்றங்கரையை விட்டு வடக்கே கழுகுமலைக்குப் போக வேண்டும். இப்போது தூத்துக்குடி மாவட்டம். 1986-இல் மாவட்டம் பிரியும்வரை திருநெல்வேலிதான்.

கோவில்பட்டியிலிருந்து பஸ் ஏறிப் போனேன். கீழே கழுகாசலமூர்த்தி கோயில் கூட்டம். மேலே ஏறினால் முடிக்காமல் விட்ட வெட்டுவான் கோயில். அதைத் தாண்டிப் போனால் பாறை முகம் முழுக்க வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். முக்குடை, கவரி, மலராசனம். பெரும்பாலானவை ஒரு முழ உயரம்கூட இல்லை. பாம்புக் குடையின் கீழ் பார்சுவநாதர், கொடி படர்ந்த பாகுபலி, சிங்கத்தோடும் குழந்தைகளோடும் அம்பிகை இயக்கி எல்லாம் உண்டு. ஆனால் பார்த்ததும் உறைப்பது அந்தச் சின்னச் சின்னத் திருமேனிகளின் நெரிசல்தான்.

ஏன் இப்படி ஒரே உருவத்தைத் திரும்பத் திரும்பச் செதுக்கினார்கள்? பதில் ஒவ்வொன்றின் கீழேயும் வட்டெழுத்தில் இருக்கிறது. இன்ன ஊர், இன்னார் 'செய்வித்த திருமேனி'. இப்படிச் சுமார் நூறு கல்வெட்டுகள். எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. பராந்தக நெடுஞ்சடையன் காலத்துக் கல்வெட்டும் அங்கே உண்டு. ஒரே திட்டத்தில் ஓர் அரசன் செய்த வேலை இல்லை இது. ஆளுக்கொரு சாண் பாறை. செய்வித்தவர்களில் துறவிகள் இருக்கிறார்கள், அவர்களின் மாணாக்கர்கள் இருக்கிறார்கள். தச்சர், கொல்லர், குயவர், உழவர் என்று ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள். சத்தாலபுத்தனின் தொழிற்காரன் ஒருவன் மண்ணை விட்டுக் கல்லில் வந்து உட்கார்ந்திருக்கிறான்.

அப்புறம் பெண்கள். குரத்தியார் என்று கல்வெட்டுகள் சொல்லும் பெண் ஆசிரியர்கள். 'குரவர்' என்பதற்குப் பெண்பால். மிழலூர்க் குரத்தியார், திருச்சாரணத்துக் குரத்தியார் என்று ஊர்ப்பேரோடு வருகிறார்கள். திருச்சாரணம் என்பது இன்றைய குமரி மாவட்டத்துச் சிதறால் மலை. இன்னும் பலர் திருக்கோட்டாற்றிலிருந்து வந்தவர்கள். அதாவது நாகர்கோவில் கோட்டாறு. நூறு கிலோமீட்டருக்கு மேல் நடை. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி, தாமிரபரணியைக் கடந்து வந்திருப்பார்கள். வாகனம் ஏறாத சமயம் அது. வழியில் ஒவ்வோர் இரவும் யாரோ ஓர் ஊரில் இடம் கொடுத்திருக்க வேண்டும், ஒவ்வொரு பகலும் யாரோ சோறு போட்டிருக்க வேண்டும். கழுகுமலைக் கல்வெட்டுகளில் பேர் வராத அந்தச் சோற்று வீடுகள்தான் எனக்கு இந்த வரலாற்றின் நடு.

இங்கே ஒரு கணக்கு இடிக்கிறது. நாம் எல்லோரும் கேட்ட கதைப்படி, ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் மதுரைக்கு வந்தார், வாதில் வென்றார், எண்ணாயிரம் சமணர் கழுவேறினார்கள், அத்தோடு பாண்டி நாட்டில் சமணம் முடிந்தது. அந்தக் கதையை விரிவாகச் சொல்லும் பெரியபுராணம் பன்னிரண்டாம் நூற்றாண்டு நூல். ஆனால் 'முடிந்துபோன'தற்கு நூறு, இருநூறு வருஷம் கழித்துக் கழுகுமலையில் குயவனும் தச்சனும் காசு சேர்த்துத் திருமேனி செய்விக்கிறார்கள், பாண்டியன் ஆட்சியிலேயே. நாங்குநேரிப் பக்கம் ஏர்வாடியின் இரட்டைப் பொத்தையில் அச்சணந்தி என்ற துறவியின் பேர் வெட்டியிருக்கிறது. அதே அச்சணந்தியின் பேர் சிதறாலிலும் மதுரை மலைகளிலும் இருக்கிறது. செத்துப்போன சமயம் இப்படி ஊர் ஊராக நடக்காது.

*

அப்படியானால் எப்படித்தான் முடிந்தது?

ஒரு ஒப்பீடு செய்து பார்க்கலாம். வந்தவாசிப் பக்கம் வேடல் என்ற ஊரில் சோழன் ஆதித்தன் காலத்துக் கல்வெட்டு ஒன்று. கனகவீரக் குரத்தியார் என்ற பெண் ஆசிரியருக்கும் அவர் மாணவிகளுக்கும் மடத்தில் பிறரோடு தகராறு. அந்த ஊர்க்காரர்கள் முன்வந்து, இவர்களைக் காத்துச் சோறிடுவது எங்கள் பொறுப்பு என்று ஏற்கிறார்கள். துறவிகளுக்குள் சண்டை வந்தாலும் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஊர் இருந்தது.

அந்த வட்டாரத்தில் சமணம் இன்றைக்கும் இருக்கிறது. வந்தவாசி, திண்டிவனம், செஞ்சி சுற்றிய ஊர்களில் நயினார் என்ற பட்டத்தோடு தமிழ்ச் சமணர்கள் வாழ்கிறார்கள். மேல்சித்தாமூரில் மடம் இருக்கிறது. நம்மைப் போலத் தமிழ் பேசி, பொங்கல் கொண்டாடி, நெல் பயிரிட்டு, பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிறவர்கள். அந்தப் பக்கமும் சைவ வைணவ பக்தி அலை அடித்தது, அரசர்கள் மாறினார்கள். ஆனால் அங்கே ஊரின் நடுவிலேயே ஜினாலயம் இருந்தது. கல்யாணமும் சாவும் அதைச் சுற்றி நடந்தன. விளக்கேற்ற வெளியூர்த் துறவி வர வேண்டியதில்லை.

எங்கள் பக்கத்துத் தடயங்களைப் பார்த்தால் பெரும்பாலும் மலைகள், பொத்தைகள். கீழே வயல்வெளியில், ஆற்றங்கரை நெடுக, பிரமதேயங்களும் சிவன் பெருமாள் கோயில்களும் எழுந்தன. ஊரின் நிலமும் நீரும் கணக்கும் திருவிழாவும் அவற்றைச் சுற்றி அமைந்தன. இது என் வாசிப்புத்தான்: இங்கே சாவகர்கள் விரட்டப்பட்டதைவிட, கொஞ்சம் கொஞ்சமாக மலையேறுவதை நிறுத்தினார்கள். அப்பா செய்வித்த திருமேனிக்கு மகன் வருஷத்துக்கு ஒருமுறை போனான். பேரனுக்குக் கீழே தேரோட்டம் இருந்தது. சண்டையில் தோற்கிற சமயத்துக்குப் பாட்டு மிஞ்சும். சோறு நின்றுபோகிற சமயத்துக்கு அதுகூட மிஞ்சாது.

மிஞ்சியது வேறு மாதிரி மிஞ்சியது. களக்காட்டுப் பக்கம் சிங்கிகுளம் மலையில் பகவதி அம்மன் கோயில். அங்கே இருக்கும் தீர்த்தங்கரரை ஊர்க்காரர்கள் முனீஸ்வரர் என்று கும்பிடுகிறார்கள். சிதறாலும் பின்னாளில் பகவதி கோயில் ஆயிற்று. 'இந்துக்கள் பிடுங்கிக்கொண்டார்கள்' என்று ஒரு நண்பர் கொதித்தார். எனக்கு அப்படி ஒரே வரியில் சொல்ல வரவில்லை. பேர் மறந்த பிறகும் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த எண்ணெய் ஊற்றிய கை யார் வம்சம்? கழுகுமலைக் குயவனின் பிள்ளைகள் எங்கேயும் போயிருக்க மாட்டார்கள். இந்த ஊர்களில்தான் வேறு சாமி கும்பிட்டுக்கொண்டு இருந்திருப்பார்கள்.

*

போன பங்குனி உத்திரத்துக்கு மருகால்தலைக்குப் போயிருந்தேன். ஆச்சி இப்போது இல்லை. பல சாஸ்தா கோயில்களில் இருக்கிற ஒரு வழக்கம் உங்களுக்கும் தெரிந்திருக்கும்: சாஸ்தாவுக்குச் சைவப் படையல்தான், பரிவாரத் தெய்வங்களுக்குக் கிடா வெட்டும்போது சாஸ்தா பார்க்காதபடி திரை போட்டுவிடுவார்கள். சின்ன வயதில் ஏன் என்று கேட்டதற்கு ஆச்சி, "அவரு ரத்தம் பாக்க மாட்டாருல" என்றாள். இதை வைத்துக்கொண்டு சாஸ்தா சமணச் சாமி என்று தாவிவிடக் கூடாது. சாஸ்தாவின் வரலாறு அவ்வளவு எளிமையானது இல்லை. ஆனால் ரத்தம் பார்க்காத ஒரு சாமியும், ரத்தம் கேட்கிற சாமிகளும், நடுவில் ஒரு வேட்டித் திரையும் என்ற இந்த ஏற்பாட்டைப் பார்க்கும்போது எனக்குக் கொழு வணிகன் நினைவு வருகிறான். கொல்லாமையை மதிக்கவும் வேண்டும், வாழ்ந்தாகவும் வேண்டும் என்கிறவன் எந்தக் காலத்திலும் இப்படி ஏதோ ஒரு திரையைத்தான் கட்டிக்கொள்கிறான்.

குகைக்குள் அண்ணன் மகள் படுக்கையில் நீட்டி நிமிர்ந்து கிடந்தாள். கையில் கரித்துண்டு.

"சித்தப்பா, எம் பேர எழுதவா?"

"வேண்டாம்மா. இங்க ஏற்கெனவே ஒருத்தர் எழுதியிருக்காரு."

"யாரு?"

வெளியே கூட்டிவந்து பாறையைக் காட்டினேன். வெயிலில் கண் கூசியது. எழுத்து சட்டென்று பிடிபடவில்லை. மேலே சுண்ணாம்பும் கரியுமாக வேறு பேர்கள். காசிபன் என்று ஒருத்தர், நீ படுத்திருந்தியே அந்தப் படுக்கையைச் செஞ்சு கொடுத்தவர், ரெண்டாயிரம் வருஷம் ஆச்சு என்றேன்.

"அவரு இதுல படுத்தாரா?"

"இல்ல. வேற யாரோ படுக்கறதுக்கு."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கரியைக் கீழே போட்டுவிட்டுப் பொங்கல் பானை பக்கம் ஓடினாள். நான் உள்ளே போய், இருபது வருஷத்துக்கு முந்தைய என் பேர் இருக்கிறதா என்று தேடினேன். கரி எப்போதோ கழுவிப் போயிருந்தது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து, துண்டை நனைத்து, கைக்கு எட்டிய நாலைந்து புதுப் பேர்களைத் துடைத்துவிட்டு வந்தேன்.